அரிசிக் கொத்தும் அரசாங்கக் கணக்கும்

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு பழைய தகரக் குவளை இருக்கிறது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அடியில் ஈயம் வைத்துப் பற்ற வைத்த தழும்பு ஒன்று உண்டு. அரிசிப் பானைக்குள் எப்போதும் பாதி புதைந்து கிடக்கும் அந்தக் குவளையை எங்கள் வீட்டில் யாரும் படி என்றோ ஆழாக்கு என்றோ சொல்வதில்லை. கொத்து என்றுதான் சொல்வோம். அது இலங்கைச் சொல். ஒரு கொத்து என்றால் ஏறத்தாழ இரண்டு ராத்தல் அரிசி. என் பெரிய அத்தை 1971-ஆம் ஆண்டில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் வந்து இறங்கியபோது கொண்டு வந்த சாமான்களில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அத்தையை ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கணக்கப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மலையில் குளிரிலும் மழையிலும் குடித்தனம் நடத்தினாள். பிறகு 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அத்தை இந்தியாவின் பங்கில் வந்தாள்.

சிறு வயதில் அவளிடம் நான் கேட்ட கதைகளில் ராஜாவும் கிடையாது, ராட்சசனும் கிடையாது. அவளுடைய கதைகளில் வந்தவர்களெல்லாம் பெரிய துரை, சின்ன துரை, கங்காணி, கூப்பன் கடைக்காரன், அப்புறம் டட்லி. கொழும்பில் இருந்த பிரதம மந்திரியை, ஏதோ அடுத்த லயத்தில் குடியிருந்தவரைப் போல், டட்லி என்றுதான் அவள் சொல்வாள்.

"டட்லி நல்ல மனுஷன்டா தம்பி. ஆனா அரிசியிலே கைய வச்சுட்டாரு."

இந்த இரண்டு வாக்கியங்களை அவள் எப்போதும் சேர்த்தே சொல்வாள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த 'ஆனா'வுக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

கொழும்பு நகரத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி உண்டு. காலிமுகத் திடல் என்று பெயர். சுதந்திர இலங்கையின் முதல் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா அங்கே காலை வேளையில் குதிரைச் சவாரி செய்வது வழக்கம். 1952 மார்ச் 21-ஆம் தேதி அந்தத் திடலில் அவர் குதிரையிலிருந்து விழுந்தார். மறுநாள் காலமானார். அடுத்த பிரதம மந்திரி அவருடைய உறவினர் ஸர் ஜான் கொத்தலாவலை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பதவி டி. எஸ்ஸின் மகன் டட்லியைத் தேடி வந்தது. அப்போது டட்லிக்கு நாற்பது வயது, பிரமசாரி, விவசாய மந்திரியாக இருந்தவர், பரபரப்பான சுபாவம் இல்லாதவர். மே மாதம் தேர்தல் நடத்தினார். அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி வெற்றி பெற்றது.

அந்த வெற்றியில் அரிசிக்கும் பங்கு உண்டு. யுத்த காலத்தில், 1942-இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு ஆரம்பமாயிற்று. யுத்தம் முடிந்த பிறகும் அது முடியவில்லை. உலகச் சந்தையில் அரிசி என்ன விலை விற்றாலும், கூப்பன் புத்தகத்தை நீட்டுகிறவனுக்கு ஒரு கொத்து 25 சதத்துக்குக் கிடைத்தது. மீதியைச் சர்க்கார் தாங்கிக்கொண்டது. கொரிய யுத்தத்தின்போது ரப்பர் விலை ஏறி, கஜானா நிறைந்திருந்தது. ஆகவே தாங்க முடிந்தது. யுத்தத்தின் வேகம் தணிந்ததும் ரப்பர் விலை இறங்கியது. அரிசி விலையோ இறங்காமல் ஏறியது. தேயிலையையும் ரப்பரையும் விற்று அரிசி வாங்கிச் சாப்பிடுகிற தேசம் அது. விற்கும் சரக்கு மலிந்து, வாங்கும் சரக்கு கிராக்கியானால் என்ன ஆகும்? நடுத்தரக் குடும்பத்தில் சம்பளம் குறைந்த மாதத்திலேயே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று. அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. மானியத்தைக் குறையுங்கள் என்று உலக வங்கியின் நிபுணர்களும் யோசனை சொன்னார்கள்.

1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

ஆகஸ்டு 12-ஆம் தேதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. கடைகள் மூடின, வண்டிகள் நின்றன, தென்மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஏறத்தாழப் பத்துப் பேர் மாண்டார்கள். மந்திரி சபை தன் கூட்டத்தை நகரத்துக்குள் நடத்தத் தயங்கி, துறைமுகத்தில் நின்ற 'நியூஃபவுண்ட்லாண்ட்' என்ற பிரிட்டிஷ் யுத்தக் கப்பலில் போய் நடத்தியது. சுதந்திரம் வாங்கி ஐந்தரை வருஷம்தான் ஆகியிருந்தது. சொந்த ஜனங்களின் பசிக்கு அஞ்சி அன்னியன் கப்பலில் ஏறிய அந்தக் காட்சியை ஒரு நாவலில் எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது என்று பத்திராசிரியர் அடித்திருப்பார்.

டட்லிக்கு உடம்பு ஏற்கெனவே சரியில்லை; வயிற்று உபாதை. மாண்டவர்களின் நினைவு அதற்கு மேல். அக்டோபர் 12-ஆம் தேதி ராஜிநாமா செய்தார். ஸர் ஜான் பிரதம மந்திரியானார். அரிசி விலையில் கொஞ்சம் குறைத்தார். ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை. 1956 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு இடங்கள். அந்தத் தேர்தலில் மொழிப் பிரச்சனை பெரிய காரணம் என்பது உண்மை. அரிசியும் சேர்ந்துகொண்டது என்பதும் உண்மை.

இருபத்தைந்து வயதில் இந்தச் சரித்திரத்தை நான் புத்தகங்களில் படித்தபோது, டட்லியின் மேல் எனக்கு அனுதாபம் வரவில்லை, கோபம் வந்தது. கணக்குச் சரியாக இருக்கும்போது மனிதன் ஏன் பின்வாங்க வேண்டும்? கஜானாவில் இல்லாததை எப்படிக் கொடுப்பது? கூட்டத்தைக் கண்டு பயந்த ஒரு நல்லவனை வைத்து நாவல் எழுதுவது என்று திட்டமிட்டு, முதல் மூன்று அத்தியாயங்களை எழுதியும் விட்டேன். பெருமையாக அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

அத்தை முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கணக்குச் சரியாத்தாண்டா இருக்கும். உங்க மாமா போட்ட கணக்கு ஒரு நாள் தப்பினதில்லை. ஆனா எந்த லயத்துல எந்தக் காம்பராவுல எத்தனை வாயின்னு அவருக்குத் தெரியும். துரைக்குத் தொகை மட்டும்தான் தெரியும்."

சற்று நேரம் கழித்து, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே இன்னொன்றும் சொன்னாள்:

"அப்போ எங்களுக்கு ஓட்டு இல்லை. வயிறு இருந்துச்சு."

அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. 1948, 1949-ஆம் வருஷங்களில் வந்த சட்டங்களால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் பிரஜா உரிமையையும் வாக்குரிமையையும் இழந்தார்கள் என்று நானும் படித்திருந்தேன். படித்த விஷயத்தை அரிசியோடு சேர்த்துப் பார்க்கத்தான் தவறிவிட்டேன். 1952 தேர்தலில் அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. 1953-இல் விலை ஏறியபோது யாரும் விலக்குக் கொடுக்கவும் இல்லை. நான் எழுதிய மூன்று அத்தியாயங்களிலும் 'ஜனங்கள்' என்ற சொல் முப்பது தடவையாவது வந்திருக்கும். அந்த ஜனங்களில் என் அத்தை இருக்கவில்லை. அன்று இரவு அந்தத் தாள்களைப் பெட்டிக்கடியில் வைத்தேன். அந்த நாவல் அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் டட்லியின் கதை நிற்கவில்லை. ஒரே பரீட்சையை விதி அவருக்கு இரண்டாம் தடவையும் வைத்தது.

இடையில் மற்றவர்களும் அந்தக் கேள்வித்தாளில் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். 1962-இல் நிதி மந்திரி ஃபீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டு அரிசியின் அளவைக் குறைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சியாரே எதிர்க்க, நிதி மந்திரி பதவியை விட்டு விலகினார். 1965-இல் டட்லி மறுபடியும் பிரதம மந்திரியானார். இப்போது அவர் பழைய தழும்பை மறக்காத மனிதர். 1966 டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு கொத்து என்றிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்தார். ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டார்! 25 சதம் கூட வேண்டாம் என்றார். உள்நாட்டில் நெல் விளைச்சலைப் பெருக்குவதற்கு ஊர் ஊராகப் போனார். விளைச்சலும் நன்றாகவே பெருகியது.

ஜனங்கள் வாழ்த்தினார்களா? 1970 தேர்தலில் திருமதி பண்டாரநாயக்காவின் கூட்டணி அந்த இரண்டாவது கொத்தைத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தது. சந்திர மண்டலத்திலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்று மேடையில் முழங்கினார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்து ஒரு வருஷம் கூட ஆகாத சமயம் அது. டட்லியின் கட்சிக்கு 17 இடங்கள் கிடைத்தன. வாக்குகளை எண்ணிப் பார்த்தால் வேறு எந்தத் தனிக் கட்சியையும்விட அவர் கட்சிக்குத்தான் அதிகம். ஆனால் தேர்தல் கணக்கு வேறு கணக்கு. இலவசமாகக் கொடுத்த ஒரு கொத்தை யாரும் பேசவில்லை. எடுத்த ஒரு கொத்தையே எல்லாரும் பேசினார்கள்.

கொடுப்பதாகச் சொன்னவர்களின் கதி என்ன? 1973-இல் உலகெங்கும் தானிய விலை ஏறியது. பின்னாலேயே எண்ணெய் விலை பாய்ந்தது. இலவசப் பங்கீட்டையே அவர்கள் குறைக்க நேர்ந்தது. விடியற்காலையில் பாணுக்கு வரிசை நின்றது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அத்தைக்கு அங்கிருந்து வந்த கடிதங்களை என் தகப்பனார் படித்துச் சொல்வாராம். இன்னார் போய்விட்டார், இன்னார் குழந்தை போய்விட்டது என்பதைத் தவிர அவற்றில் வேறு சங்கதி இராதாம். 1977 தேர்தலில் திருமதி பண்டாரநாயக்காவின் கட்சிக்கு எட்டு இடங்கள். அதே எட்டு!

அந்தத் தேர்தலில் 168 இடங்களில் 140 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தவர் யார்? வாசகர்கள் நினைவு வைத்திருப்பார்கள். 1953-இல் கொத்து அரிசியை 70 சதமாக்கிய அதே ஜே. ஆர். ஜயவர்த்தனாதான். அரிசியில் கை வைத்த கை இந்தத் தடவை சாமர்த்தியமாக வேலை செய்தது. வாரத்துக்கு எட்டு ராத்தல் தானியம் என்று முதலில் வாக்களித்தார். அடுத்த வருஷம் பங்கீடு ஏழைகளுக்கு மட்டும் என்றார். நாட்டில் பாதிப் பேர் கழிந்தார்கள். 1979-இல் பங்கீட்டையே எடுத்துவிட்டு உணவு முத்திரைகள் கொடுத்தார். முத்திரையில் அச்சிட்ட தொகை மாறவில்லை. கடையில் விலை மாறிக்கொண்டே இருந்தது. சில வருஷங்களுக்குள் முத்திரையின் மதிப்புப் பாதியாயிற்று. கட்டுநாயக்காவில் தொழிற்சாலை வைக்க வந்த அன்னிய முதலாளிகளுக்கோ பல வருஷங்களுக்கு வரி விலக்கு. ஒரே நாளில் 45 சதம் ஏற்றியதற்குத் தண்டவாளத்தைப் பெயர்த்த ஜனங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அரிசி கரைந்ததற்குப் பெயர்க்கவில்லை. இன்று ஜயவர்த்தனாவின் பெயரைச் சொன்னால் தமிழர்களுக்கு 1983 ஜூலைதான் நினைவுக்கு வரும், அரிசி வராது.

இதுவரை சொன்னது, கொடுத்ததை எடுத்தவர்களின் கதை. வாங்க வேண்டியதை வேண்டாமென்று விட்ட ஒருவரின் கதையும் அதே தீவில் நடந்தது.

2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். பதவியேற்ற சில நாட்களிலேயே வரிகளைக் குறைத்தார். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று. வருஷத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய் வியாபாரம் செய்தால் அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்ததை முப்பது கோடி என்று உயர்த்தினார். தேசக் கட்டுமான வரியை நீக்கினார். சம்பளத்தில் பிடித்து வந்த வருமான வரிப் பிடித்தமும் போயிற்று. எங்கும் ஒரே மகிழ்ச்சி. 2020 ஆகஸ்டில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் 225 இடங்களில் 145 அவருடைய கட்சிக்கு. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் ஒரே வருஷத்தில் 8 சதவீதத்தருகே இறங்கிவிட்டது.

எல்லாப் பழியையும் அந்த வரிக் குறைப்பின் தலையில் போடுவது நியாயமாகாது. முந்தைய அரசாங்கங்கள் வாங்கிய கடன் இருந்தது; கொரோனாவால் உல்லாசப் பிரயாணிகள் வருவது நின்றது; 2021-இல் இரசாயன உரத்துக்குத் திடீரென்று விதித்த தடையால் வயல்கள் காய்ந்தன. ஆனால் வருமானம் வற்றிய வீட்டுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று இலங்கை அறிவித்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் பால் மாவுக்கும் வரிசை. சிலர் குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 40,000 டன் அரிசி அனுப்புவதாக அறிவித்தது; மே மாதத்தில் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

ஜனங்கள் கூடிக் கூடாரமடித்த இடம் எது தெரியுமா? காலிமுகத் திடல். டி. எஸ். குதிரையிலிருந்து விழுந்த அதே புல்வெளி. ஜூலை 9-ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. 13-ஆம் தேதி கோத்தாபய நாட்டை விட்டுப் போனார். 14-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து ராஜிநாமாவை அனுப்பினார். 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு அவரும் வேறு சிலரும் பொறுப்பு என்றும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. குறைத்த வரி என்ன ஆயிற்று? 8 சதவீதம் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. குறைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் பெரிய வியாபாரிகள் முன்னணியில் இருந்தார்கள். ஏறியபோது கடையில் சாமான் வாங்கும் கூலிக்காரியும் சேர்ந்து கட்டினாள்.

இந்த நாலு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வரியைக் குறைக்கிறவர் கொடுப்பது நாளைக்கு வர வேண்டிய பணத்தை. நாளைக்கு வாயில்லை, ஆகவே அன்று யாரும் அழுவதில்லை, கைதான் தட்டுகிறார்கள். அரிசியைக் குறைக்கிறவர் எடுப்பது இன்றைய உலையிலிருந்து. அன்றைக்கே அழுகுரல் கேட்கிறது. ஆகவே முன்னவரின் பெயர் முதலில் வாழ்ந்து பிறகு கெடுகிறது. பின்னவரின் பெயர் உடனே கெட்டுவிடுகிறது. பிறகு அது எப்போதாவது நிமிருமா?

1973 ஏப்ரல் 13-ஆம் தேதி டட்லி காலமானார். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. அவர் கட்சி தோற்றுக் கிடந்தது. ஆனாலும் கொழும்பு அதுவரை கண்டிராத கூட்டம் இறுதி ஊர்வலத்துக்குக் கூடியது. கொத்து அரிசிக்காக அவரை இரண்டு தடவை கீழே இறக்கிய அதே ஜனங்கள்தான் வரிசையில் நின்று அழுதார்கள்.

அந்தச் சேதி தமிழ்நாட்டு வானொலியில் வந்த அன்று அத்தையும் அழுதாளாம். "அரிசியிலே கை வச்சவருக்கா அழறே?" என்று என் தகப்பனார் கேட்டிருக்கிறார். "வச்ச கை சுட்டுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுதே, அதுக்கு அழறேன். மத்தவங்களுக்குச் சுடவே இல்லையேடா" என்றாளாம். நான் கோழைத்தனம் என்று மூன்று அத்தியாயம் எழுதிய ராஜிநாமாவை அவள் வேறு விதமாக எடை போட்டிருந்தாள்.

அவளுடைய எடையே சரி என்று சொல்லிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. வருத்தப்பட்டதனால் மாண்டவர்கள் மீண்டு வரவில்லை. அத்தைக்கு ஓட்டும் வரவில்லை. ஆனால் ராஜாங்கம் நடத்தியவரை அவர் விட்டுச் சென்ற கஜானாவைக் கொண்டு மட்டும் அளப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

தோட்டத்தில் அரிசி போடும் நாளில், கொத்தை நிரப்பிய பிறகு ஒரு குச்சியால் விளிம்பை வழித்துத் தலைதட்டித்தான் கொடுப்பார்களாம். அத்தை அப்படி அளந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் கோபுரமாகக் குவித்து, சிந்தாமல் மறு கையை அடியில் ஏந்திக்கொண்டு கொடுப்பாள். அவள் போய் வெகு வருஷங்களாகிவிட்டன. போன மாதம் என் மகள் அரிசி அளக்கும்போது, விளிம்பில் விரலை வைத்து வழிக்கப் போனாள்.

"வழிக்காதே அம்மா" என்றேன்.

"ஏன் அப்பா?" என்றாள்.

மேலே சொன்ன கதையைத்தான் அவளிடம் சொன்னேன்.